அறுபத்து நான்காம் நம்பரின் மொட்டை

திருத்தணியிலிருந்து காலையில் கிளம்பும் மின்சார ரயிலில் இடதுபக்கம் மூன்றாவது ஜன்னல் ஷோபனாவுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பதினெட்டு வருஷமாக அவள் அங்கே உட்காருவதால் மற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். அரக்கோணத்தில் கூட்டம் ஏறும். மணவூரில் கீரைக்கட்டுகள் ஏறும். திருவள்ளூரில் அவள் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கும் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவாள்.

அங்கே நோயாளிகள் யாருக்கும் அவளைத் தெரியாது. அவளுக்கும் அவர்களைத் தெரியாது. அவர்கள் உடம்பிலிருந்து எடுத்த பட்டாணி அளவுச் சதைதான் அவளிடம் வரும். அதைப் பதப்படுத்தி, உருக்கிய மெழுகில் அமிழ்த்தி, சின்னத் தீப்பெட்டிபோல் ஒரு பிளாக் ஆக்குவாள். பிளாக்கைப் பனிக்கட்டிமேல் வைத்துக் குளிரவிட்டு, இயந்திரத்தில் பூட்டிச் சீவுவாள். ஒவ்வொரு சீவலும் நான்கு மைக்ரான்: ஒரு தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் அது மிதந்து விரியும்போது கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுப்பாள். அதில் ஒரு சுருக்கம் விழுந்தால்கூடத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி சீவுவாள்.

டிப்ளமோ படிக்கும்போது அந்த இயந்திரத்தை அவள் தொட்டது இரண்டே முறை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவள் கெடுத்த சீவல்களுக்குக் கணக்கில்லை. எந்தச் சதைக்கு எவ்வளவு குளிர் வேண்டும், மழை நாளில் தண்ணீரின் சூட்டை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். இப்போது நோட்டைப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. அவள் கணவர் பெருமாள் வேர்க்கடலை பயிரிடுகிறவர். "கொல்லில கள எடுக்க ஆளு கெடைக்கல. இவ அங்க போயி மெழுகச் சீவிக்கினு கீறா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். சொல்லும்போது அவர் குரலில் இருப்பது குறை இல்லை என்பது கேட்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்குமுன் கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் டாக்டர் இளம்பரிதி ஓர் ஆய்வு தொடங்கினார். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர் கொடுத்தால் சிலருக்குக் கட்டி கரைந்துபோகிறது. சிலருக்கு அசைவதில்லை. யாருக்கு எப்படி என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்பதுதான் கேள்வி. கதிர் நன்றாக வேலை செய்யக் கட்டிக்குள் பிராணவாயு இருக்க வேண்டும். அது கிடைக்காமல் தவிக்கும் செல்கள் ஒருவகைப் புரதத்தைச் சுரக்கின்றன. சாயம் ஏற்றினால் அந்தப் புரதம் பழுப்பாகத் தெரியும். பழுப்பு அதிகமென்றால் கட்டி முரண்டு பிடிக்கும், குறைவென்றால் கதிருக்கு இணங்கும். இது எதிர்பார்ப்புதான், இன்னும் நிரூபணம் ஆகவில்லை. நூற்றிருபது பேரைக் கவனித்து முடிவு சொல்ல வேண்டும்.

பெயர் தெரிந்தால் பார்வை சாய்ந்துவிடும் என்று ஆய்வில் எல்லாமே எண்தான். ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை வட்ட ஸ்டிக்கர்களில் ஷோபனாவே கையால் எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு நாள் சாயம் ஏற்றும்போதும், பழுப்பு நிறைய இருப்பதாக முன்பே தெரிந்த ஒரு ஸ்லைடையும், இல்லவே இல்லை என்று தெரிந்த ஒரு ஸ்லைடையும் கூடவே ஓட்டுவாள். 'கன்ட்ரோல்' என்று சொல்லும் அந்த இரண்டும் சரியாக வந்தால்தான் மற்றவை அவள் மேஜையைவிட்டுப் போகும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் இளம்பரிதி ஆய்வகத்துக்கு வந்தார்.

"மேடம், அறுபத்து நாலு. பழுப்பு கிட்டத்தட்ட இல்லன்னு ரிப்போர்ட் ஆன ஸ்லைடு."

"ஆமா சார்."

"அப்ப நல்லா சுருங்கணும். மூணு வாரம் முடியுது. நாக்குல முன்பக்கம் நல்லா சுருங்கியிருக்கு. பின்பக்கம் அப்படியே இருக்கு. ஸ்லைடு மாறியிருக்குமா?"

"மாறல சார்."

"சாயம் ஏறாம போயிருந்தா?"

"அன்னிக்கு ரெண்டு கன்ட்ரோலும் சரியா வந்துச்சி. எடுத்துத் தரேன், பாருங்க. அறுபத்து நாலு தப்புன்னா அன்னிக்கு ஓட்டுன பத்தும் தப்பு. பத்தையும் தூக்கிப் போடறதா?"

"கோவிச்சிக்காதீங்க."

"கோவம் இல்ல. கேக்குறேன்."

இளம்பரிதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாதி வழியில் கட்டி சுருங்காவிட்டால் கதிரை நிறுத்திவிட்டு அறுவைக்கு அனுப்புவது அங்கே வழக்கம். திங்கட்கிழமை கூட்டத்தில் அறுபத்து நாலைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். அறுவை என்றால் நாக்கில் பாதியும் தாடை எலும்பில் ஒரு துண்டும் போகும்.

"பேர் சொல்லக் கூடாது. ஆனா ஒன்னு சொல்றேன். அவர் காய்கறி மண்டியில ஏலம் விடறவர். தமிழ்லயும் தெலுங்குலயும் மாத்தி மாத்திக் கூவி விக்கறவராம். பாதி நாக்கோட அந்த வேலைய அவரால செய்ய முடியாது. அதனாலதான் அறுவை வேணாம்னு கதிருக்கு வந்தார். இப்ப நானே வெட்டலாம்னு சொல்ல வேண்டியிருக்கு. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒருதரம் கேட்டுடலாம்னு வந்தேன்."

ஷோபனா பதிவேட்டைத் திறந்தாள். அறுபத்து நாலிலிருந்து இரண்டு துண்டு எடுத்திருந்தார்கள். முன்பக்கத்திலிருந்து ஒன்று, பின்பக்க ஓரத்திலிருந்து ஒன்று. ஆய்வுக்கு முன்பக்கத் துண்டு மட்டும் போதும் என்பதால் பின்பக்கத்துக்குச் சாயம் ஏற்றவில்லை.

"பின்பக்க பிளாக் என்கிட்ட இருக்குது சார். நாளைக்கி மத்தியானம் தரேன்."

மறுநாள் மதியம் இரண்டு ஸ்லைடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நுண்ணோக்கியில் காட்டினாள். பழுப்பு இரண்டிலும் ஒரே அளவில், இல்லை என்று சொல்லும்படிதான் இருந்தது. ஒப்பிட வைத்திருந்த ஸ்லைடு நல்ல காப்பித்தூள் நிறத்தில் வந்திருந்தது.

இளம்பரிதி வெகுநேரம் பார்த்தார். "அப்ப ஏன் மேடம் பின்னாடி சுருங்கல?"

"அது எனக்குத் தெரியாது. இது சொல்றத மட்டும் நான் சொல்றேன். முன்னாடி இருக்கறதும் பின்னாடி இருக்கறதும் ஒரே மாதிரி. ஒன்னு சுருங்கி ஒன்னு சுருங்கலன்னா, காரணம் இந்த சதையில இல்ல."

"கதிர் ரெண்டு எடத்துலயும் ஒரே அளவுதான் விழுது. வலை மாதிரி ஒரு மாஸ்க். சூடாக்கி மொகத்து மேல அழுத்தினா அவங்கவங்க மொக வடிவத்துக்குப் பதிஞ்சிடும். தினமும் அதப் போட்டு, மேஜையோட பூட்டிட்டுதான் கதிர் விடறோம். அசைய முடியாது."

"படம் எடுத்துப் பாத்தீங்களா?"

"வாராவாரம் எடுக்கணும். கதிர் மெஷின்லயே இருக்கற படக் கருவி ரெண்டு வாரமா ரிப்பேர்." சொல்லிவிட்டு அவர் ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்தாலும், பதிஞ்ச மாஸ்க் எப்படி மாறும்?"

ஷோபனா இரண்டு ஸ்லைடுகளையும் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

அன்று மாலை ரயிலில் ஜன்னல் கிடைத்தது. எதிரே ஒரு கணவனும் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மொட்டைத் தலை. கழுத்தில் வலப்பக்கத் தோல் கறுத்து உரியத் தொடங்கியிருந்தது. அந்த அம்மாள் மடியில் மருத்துவமனையின் மஞ்சள் கோப்பு.

திருத்தணி ரயிலில் மொட்டைத் தலையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மலைக்குப் போய் முடி கொடுத்தவர்கள் வருஷம் முழுக்க அதில் போய் வருகிறார்கள். புற்றுநோய் மருத்துவமனையிலும் பார்ப்பதில்லை. அங்கே பாதிப் பேருக்கு மருந்தில் முடி கொட்டியிருக்கும். ஷோபனாவும் பார்த்திருக்க மாட்டாள். கோப்பின் மூலையில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் இருந்த அறுபத்து நாலு அவள் கையெழுத்து.

முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். எண்ணுக்குரிய ஆளைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது விதி. மணவூர் வரை வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குள் அந்த அம்மாளே பேச ஆரம்பித்துவிட்டார்.

"திருத்தணியாம்மா நீ?"

"ஆங். நீங்க?"

"ஆர்.கே.பேட்ட. எறங்கி பஸ்ஸு புடிக்கணும். எம் பேரு மணியம்மை. இவுரு கந்தன். மண்டி கந்தன்னா அந்தாண்ட நகரி வரிக்கும் தெரியும். இப்ப வாயில புண்ணு, பேச முடியல. இருவத்தஞ்சி வருசம் இவுரு பேசினாரு, நான் கேட்டுக்கினு இருந்தேன். இப்பதான் என் மொற வந்துது."

கந்தன் பாட்டிலிலிருந்து கஞ்சியை ஒரு மிடறு விழுங்கி, முகத்தைச் சுளித்து, மனைவியைக் காட்டி விரல்களால் வாய் மூடுவதுபோல் செய்தார்.

"பாத்தியா, கையாலயே அடக்குறாரு. கரன்ட்டு வெக்கறாங்கம்மா. மூணு வாரம் ஆவுது. கேக்கலியாம். நாக்க வெட்டணும்ன்றாங்க." அவர் குரல் அப்படியே இருந்தது. மஞ்சள் கோப்பை மட்டும் எடுத்துப் பைக்குள் செருகினார். "புகையில போடாத, போடாதன்னு தலதலையா அடிச்சிக்கினேன்."

ஷோபனா இப்போது கந்தனின் தலையைப் பார்த்தாள். மருந்தில் கொட்டிய தலை அல்ல. மருந்தில் கொட்டினால் திட்டுத் திட்டாக, பூனைமுடிபோல் மிச்சம் இருக்கும். இதில் அரை மாதத்து முளை, சீவி வைத்ததுபோல் ஒரே சமமாகக் கறுத்து நின்றது.

"இவுருக்கு மருந்து ஊசி ஏத்துறாங்களா?"

"இல்லம்மா. வெறும் கரன்ட்டுதான்."

"அப்ப மொட்ட?"

"அது ஆடிக் கிருத்திகைக்கு. சித்திரையிலருந்து தாடியும் முடியும் வளத்தாரு, சாமியாரு கணக்கா. வேண்டுதல். கரன்ட்டு வெக்க ஆரம்பிச்ச அன்னிக்கி, மூணாவது வாரம் தாடியும் பின்னாடி முடியும் கொட்டிப்புடும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. சாமிக்குன்னு வளத்தது அவுங்க தலவாணில கொட்டலாமா? கொட்டறதுக்கு முன்னாடி குடுத்துடணும்னு மொத வாரம் முடிஞ்சதும் மல ஏறிட்டோம்."

"மொகமூடி எப்ப செஞ்சாங்க?"

"அது மொதல்லயே. தாடியோட."

ஷோபனா கந்தனிடம் திரும்பினாள். "மொகமூடி முன்ன எப்பிடி இருந்துச்சி, இப்ப எப்பிடி இருக்குது?"

கந்தன் கஞ்சி பாட்டிலை மூடினார். ஒவ்வொரு சொல்லாக, நோகாமல் எடுத்து வைத்தார். "முன்ன... மூச்சு முட்டும். மொட்ட போட்டப்புறம்... சொகம். லூசு."

"லூசா இருக்குதுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொகமா கீறத... எதுக்கு சொல்லணும்?"

ரயில் அரக்கோணத்தில் நின்றது. ஷோபனா எழுந்து கதவோரம் போய் இளம்பரிதியைக் கைபேசியில் கூப்பிட்டாள். விதியை மீறியதை முதலில் சொன்னாள். தாடியோடு செய்த மாஸ்க்கையும் அதற்குப் பிறகு போட்ட மொட்டையையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். 

"எத்தனை நாள் மேடம்?"

"ரெண்டு வாரம். பத்து தடவ."

"நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. பழைய மாஸ்க்கோடவே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

திரும்பி வந்து, தான் அங்கேதான் வேலை செய்வதாகவும் காலையில் இரண்டு பேரும் வர வேண்டும் என்றும் சொன்னாள்.

மணியம்மை அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்காரியா நீ? இம்மா நேரம் ஒன்னும் தெரியாத மாரி கத கேட்டுக்கினு வந்த."

"நாளைக்கி வாங்க, சொல்றேன்."

சனிக்கிழமை கதிர்ப் பிரிவில் கந்தனைப் படுக்க வைத்து மாஸ்க்கைப் பூட்டினார்கள். தினமும் பூட்டுகிற டெக்னீஷியன் குமரேசன், வழக்கம்போல் தலைக்குப் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்தார். நோயாளிகள் சாப்பிட முடியாமல் இளைத்தால் மாஸ்க் தளரும். அவர்களுக்குத் துண்டு வைத்து இறுக்குவது அவர் கைப்பழக்கம்.

"மொட்டைய நானும் பாத்தேன் சார். மருந்துல கொட்டினதுன்னு நெனச்சிட்டேன்" என்றார் குமரேசன். "இவரு ஒன்னும் சொல்லல. நானும் கேக்கல."

ஸ்கேனில் விடை தெரிந்தது. பிடரியில் முடி இருந்த இடத்தில் துண்டு. தாடி இருந்த இடத்தில் வெறும் வெளி. பின்தலை உயர்ந்து, முகவாய் கீழே இறங்கிச் சாய்ந்திருந்தது. நாக்கின் முன்பாதி கதிருக்குள் நின்றது. பின் ஓரம் பதினோரு மில்லிமீட்டர் வெளியே போயிருந்தது. பத்து நாளாக அந்த ஓரத்துக்குக் கதிர் சரியாகப் போய்ச் சேரவே இல்லை.

இளம்பரிதி கந்தனிடம் எதையும் மறைக்கவில்லை. எங்கே தவறியது, எவ்வளவு குறைந்தது, எப்படி ஈடு செய்யலாம் என்று படத்தைக் காட்டியே சொன்னார்.

"சாமிக்குக் குடுத்தது... தப்பா?" என்று கேட்டார் கந்தன்.

"குடுத்தது தப்பில்ல. படம் எடுக்காம ரெண்டு வாரம் ஓட்டினது எங்க தப்பு. மாஸ்க் தளர்ந்தா ஏன்னு கேட்டிருக்கணும். அதுவும் எங்க தப்பு."

"இவுரும் சொல்லியிருக்கணும்" என்றார் மணியம்மை. "வாய வெச்சி பொழக்கற ஆளு, பேச வேண்டிய எடத்துல பேசல."

திங்கட்கிழமை கூட்டத்தில் அறுவைப் பேச்சு நின்றது. மொட்டைத் தலைக்கும் வழித்த முகத்துக்கும் புது மாஸ்க் செய்தார்கள். பின் ஓரத்துக்குக் குறைந்த கதிரைக் கணக்கிட்டு, மொத்த நாட்கள் நீளாதபடி வாரத்தில் இரண்டு நாள் காலையும் மாலையும் கொடுத்தார்கள். வாய்ப்புண் அதிகமாயிற்று. மூக்குவழிக் குழாயில் கஞ்சி போனது. கந்தன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான்கு வாரத்தில் பின் ஓரமும் இளகியது.

ஆய்வுக் கணக்கில் அறுபத்து நாலைச் சேர்க்க முடியவில்லை. கதிர் திட்டப்படி போகாத நோயாளியை நீக்க வேண்டும் என்பது விதி.

"உங்க ஸ்லைடு சொன்னது கடைசியில சரியா வந்துச்சி. ஆனா அத எழுத முடியாது மேடம்" என்றார் இளம்பரிதி.

"எடுத்துடுங்க சார். விதின்னா விதி. மத்த ஒம்போதும் நிக்கட்டும்."

குமரேசன் மாஸ்க் செய்யும் அறையில் ஒரு தாளை ஒட்டினார். வேண்டுதல் முடி உண்டா, எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று முதல் நாளே கேட்க வேண்டும் என அதில் எழுதியிருந்தது. பதினைந்து நாளில் இரண்டு பேர் 'உண்டு' என்றார்கள்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து, மழைக்காலம் முடியும் தறுவாயில், ஷோபனாவின் மேஜைக்கு ஒரு சின்னத் துண்டு வந்தது. இந்த முறை பெயரோடு. கந்தன், ஆர்.கே.பேட்டை. நாக்கின் பின் ஓரத்தில் ஒரு தடிப்பு இருந்தது. கதிர் விட்டுப்போன தழும்பா, மிச்சமிருக்கும் நோயா என்று விரலால் தொட்டுச் சொல்ல முடியவில்லை. மிச்சம் என்றால் அறுவைதான்.

மற்ற எல்லாவற்றையும்போலவே அதையும் குளிரவைத்துச் சீவினாள். முதல் சீவலில் ஒரு சுருக்கம் தெரிந்தது. தூக்கிப் போட்டாள். அடுத்தது நன்றாக வந்தது. சாயம் ஏற்றி, ஸ்லைடு ஒழுங்காக இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் ஒருமுறை பார்ப்பது அவள் வேலையில் ஒரு பகுதி. பார்த்தாள். கண்ணுக்கு எட்டியவரை தழும்பின் நார்கள், நடுநடுவே கொஞ்சம் தசை. வேறு எதுவும் இல்லை. இன்னும் ஆழமாகச் சீவி மூன்று ஸ்லைடு போட்டாள். அவையும் அப்படியே. டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள். அறிக்கையில் கையெழுத்து விழ இரண்டு நாள் ஆகும்.

மாலை ரயிலில் மணியம்மை அவளைத் தேடிக்கொண்டு வந்தார். பின்னால் கந்தன். தலையில் முடி அடர்ந்து வளர்ந்திருந்தது. வலது தாடையில் மட்டும் தாடி முளைக்கவில்லை.

"இன்னாம்மா, எங்க துண்டு உங்கிட்டதான வந்திருக்கும்?"

"டாக்டர் வெள்ளிக்கெழம சொல்வாரு."

"நீ பாத்தியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

"நான் சீவுறவ. சொல்றவ டாக்டர்."

"அன்னிக்கி மட்டும் மொட்ட எப்ப, மூடி எப்பன்னு போலீஸு கணக்கா கேட்ட. இன்னிக்கி நான் கேட்டா பேச மாட்டியா?" மணியம்மை பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார். "சரி போ. துக்கத்த வெச்சிக்கினு இருக்கறவ மொகம் இப்பிடி இருக்காது."

"என் மூஞ்சி எப்பவுமே இப்பிடித்தான்."

கந்தன் சிரித்தார். அதன் பிறகு திருத்தணி வரை மூன்று பேரும் வேர்க்கடலை விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள். மணியம்மை பாதி, கந்தன் பாதி. அவர் நாக்கு கொஞ்சம் தடித்துப் புரண்டது. ஆனால் ஒரு சொல்லையும் மனைவி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இளம்பரிதி ஆய்வகத்துக்கு வந்து, நோய் மிச்சமில்லை என்று கையெழுத்தான அறிக்கையை அவள் மேஜையில் வைத்துக் காட்டினார். அவள் வாசித்துப் பார்த்து, பெயரையும் பிளாக் எண்ணையும் ஒப்பிட்டு, பதிவேட்டில் எழுதினாள். கீழே புறநோயாளி வாசலில் கந்தன் கைபேசியில் நகரி வியாபாரி ஒருவரிடம் தெலுங்கில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை ஏலத்துக்குத் தானே நிற்கப் போவதாகவும், கத்தரிக்காய்க் கூடைகளை முன்வரிசையில் இறக்கி வைக்கும்படியும் அவர் சொன்னது மாடி ஜன்னல் வரை கேட்டது.